டிஐ பைப் பதிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கூட்டுக் குடிநீர்த் திட்டமோ, பேரூராட்சியின் பகிர்மான லைனோ, இன்று குடிநீர் வேலைக்குப் போகிற யாரும் சீக்கிரமே டிஐ பைப்பில், அதாவது டக்டைல் அயர்ன் என்கிற வளைந்து கொடுக்கும் இரும்புக் குழாயில், கை வைக்க வேண்டியிருக்கும். டிப்ளமோ முடித்து சைட் சூப்பர்வைசராகப் போகிறவர்கள், ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராகச் சேர்கிறவர்கள், வீட்டு பிளம்பிங்கிலிருந்து பெரிய லைனுக்கு மாறுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பைப் லேசில் உடைவதில்லை. கசிகிறது என்று தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஜாயிண்டில் சரியாக உட்காராத ரப்பர் ரிங், அசைந்துபோன பெண்ட் (லைனைத் திருப்பும் வளைவுத் துண்டு), பைப்புக்கு அடியில் விட்டுவிட்ட கல், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூன்றும் மண் மூடுவதற்கு முன்னால் கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடியவை. அதனால்தான் அவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பைப்பைப் பற்றிக் கொஞ்சம்

பழைய வார்ப்பிரும்புக் குழாயில் கார்பன் தகடு தகடாக இருக்கும், விரிசல் அந்தத் தகடு வழியே ஓடிவிடும். டிஐ பைப்புக்கான இரும்புக் குழம்பில் மக்னீசியம் சேர்ப்பதால் அதே கார்பன் உருண்டை உருண்டையாக மாறிவிடுகிறது. விரிசல் ஓட வழி இல்லை. அதனால் லாரி ஏறினாலும் மண் கொஞ்சம் இறங்கினாலும் பழையது போலப் படீரென்று உடையாமல் வளைந்து கொடுக்கும். உள்ளே சிமென்ட் கலவைப் பூச்சு, வெளியே துத்தநாகப் பூச்சு, அதன் மேல் கறுப்பு பிட்டுமென். பைப்புக்கான தரக் குறியீடு ஐஎஸ் 8329, பெண்ட் டீ போன்ற ஃபிட்டிங்குகளுக்கு ஐஎஸ் 9523, பதிக்கும் முறைக்கு ஐஎஸ் 12288. இந்த மூன்றாவதை ஒருமுறையாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

கே7, கே9 என்று வகுப்பு போட்டிருக்கும். அது சுவரின் கனத்தைச் சொல்கிறது. 300 மி.மீ. பைப்பில் கே9 என்றால் 7.2 மி.மீ., கே7 என்றால் 5.6 மி.மீ. வெளிவிட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே லோடு இறங்கும்போது கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, பைப் மேல் உள்ள எழுத்தைப் படித்தே ஆகவேண்டும். நீளம் பொதுவாக 5.5 மீட்டர்.

இறக்குவதும் அடுக்குவதும்

லாரியிலிருந்து உருட்டித் தள்ளிவிடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. இரும்புக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் சிமென்ட் பூச்சுதான் பெயர்ந்துவிடும். இரண்டு முனையிலும் கம்பிக் கொக்கியை உள்ளே மாட்டித் தூக்குவதும் அதே கேடுதான். அகலமான பெல்ட்டை நடுவில் சுற்றித் தூக்குங்கள். தரையில் மரக்கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள், ஓரத்தில் ஆப்பு வையுங்கள், சாக்கெட் எனும் பருத்த முனை ஒரு வரிசை இந்தப் பக்கம் ஒரு வரிசை அந்தப் பக்கமாக மாறி மாறி வரட்டும். ரப்பர் ரிங்குகளை வெயிலில் போடவே கூடாது. சாக்கில் கட்டி நிழலில், எண்ணெய் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பூச்சில் தலைமுடி அளவுக்கு விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் பட்டதும் சிமென்ட் தானே ஊறி அடைத்துக்கொள்ளும். பாளமாகப் பெயர்ந்திருந்தால் அந்தப் பைப்பைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பள்ளம்

மேல்மூடி, அதாவது பைப்பின் முதுகிலிருந்து தரை வரையுள்ள மண், சாதாரணமாக 1 மீட்டராவது இருக்க வேண்டும். அகலத்துக்கு, பைப்பின் இரண்டு பக்கமும் ஒரு ஆள் கால் வைத்து மண்ணைக் குத்த முடிகிறதா என்று பாருங்கள், பக்கத்துக்கு 20 செ.மீ. கிடைத்தால் வேலை ஓடும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனாலோ, மண் தளர்வாக இருந்தாலோ, பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிப்பதும் ஆபத்து, குறைந்தது அரை மீட்டராவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் குழாய்ப் பள்ளம் சரிந்து ஆட்கள் இறந்த செய்தி அடிக்கடி வருகிறது. அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடிப்பக்கம் நல்ல மண் என்றால் சமப்படுத்தி நேரே பைப் வைக்கலாம். பாறையோ சுக்கான் கல்லோ வந்தால் 10 முதல் 15 செ.மீ. வரை மணல் அல்லது எம்-சாண்ட் பரப்பியாக வேண்டும். அப்புறம், பைப்பின் உடல் முழுக்கத் தரையில் உட்கார வேண்டும், சாக்கெட் மட்டும் தரையைத் தொடக் கூடாது. சாக்கெட் உடலைவிடப் பருமனானது என்பதால் ஒவ்வொரு ஜாயிண்ட் வரும் இடத்திலும் சின்னதாக ஒரு குழி எடுக்க வேண்டும். இதை எடுக்காமல் விட்டால் ஐந்தரை மீட்டர் பைப்பும் இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கும். மேலே வண்டி ஓட ஓட எடை முழுவதும் ஜாயிண்டுக்கு வந்து சேரும்.

சாக்கடையும் பாதாளச் சாக்கடையும் பக்கத்தில் ஓடும் தெருவில் கூடுதல் கவனம் வேண்டும். கிடைமட்டத்தில் 3 மீட்டர் தள்ளிப் போவதுதான் நல்லது, ஆனால் மதுரை, சென்னையின் பழைய தெருக்களில் தெருவே அவ்வளவு அகலம் இருக்காது. அப்படி என்றால் குடிநீர் லைன் மேலே, கழிவுநீர் லைன் கீழே என்பதையாவது உறுதி செய்யுங்கள். குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு முழுப் பைப்பின் நடுப்பகுதி சாக்கடைக்கு நேராக வரும்படி வைத்தால் இரண்டு ஜாயிண்டும் சாக்கடையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய்விடும்.

ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போல உப்பு மண் உள்ள இடங்களிலும், தண்ணீர் தேங்கும் களிமண்ணிலும் வெளியில் பாலித்தீன் உறை போட்டுப் பதிப்பார்கள். உறை கிழிந்தால் டேப் ஒட்டிவிட்டுத்தான் மண் போட வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு அந்தக் கிழிசலிலேயே வேலையைக் காட்டும்.

ஜாயிண்ட் போடுவது

இதுதான் உயிரான வேலை. பைப்பின் பருத்த முனை சாக்கெட், மறு முனை ஸ்பிகாட். வேலை போகிற திசையைப் பார்த்து சாக்கெட் இருக்கட்டும், மேடு ஏறுகிற இடமென்றால் கீழிருந்து மேலாகப் பதித்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே வைத்த பைப்பின் சாக்கெட்டுக்குள் புதுப் பைப்பின் ஸ்பிகாட் நுழையும்.

முதலில் சாக்கெட்டின் உள்பக்கம். ரிங் உட்காரும் பள்ளத்தில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். ஒரு மணல் துகள், பெயர்ந்த பிட்டுமென் கட்டி, காய்ந்த மண், எது தட்டுப்பட்டாலும் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ரிங்கையும் துடையுங்கள். ரிங்கில் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் மெத்தென்றும் இருக்கும், கெட்டியான குதிப்பகுதி வெளிவாய்ப் பக்கம் உள்ள காடியில் பொருந்தும், மெத்தென்ற குமிழ்ப் பகுதி உள்ளே போகும். ரிங்கை இதய வடிவத்தில் மடித்து உள்ளே வைத்து, மடிப்பை விரலால் அமுக்கி விடுங்கள். சுற்றிலும் ஒருமுறை தடவிப் பார்த்தால் எங்கேயும் மேடு தட்டக் கூடாது. தட்டினால் எடுத்து மறுபடி வையுங்கள், தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, இப்போது வழுக்குப் பசை. ரிங்கின் உள்முகத்திலும் ஸ்பிகாட்டின் வெளியேயும் மட்டும் தடவுங்கள். ரிங்கை வைப்பதற்கு முன் பள்ளத்துக்குள் தடவினால் ரிங் தள்ளும்போது நழுவிவிடும். கம்பெனி கொடுக்கும் பசை தீர்ந்துவிட்டால் சோப்புக் கரைசல் போதும். கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல் ஆகாது. ரிங் செய்திருக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும், அதோடு அது குடிக்கிற தண்ணீர் போகும் பாதை.

ஸ்பிகாட் முனையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். பைப்பை நேர்கோட்டில் பிடித்து, முதல் கோடு சாக்கெட்டுக்குள் மறைந்து இரண்டாவது கோடு வெளியே தெரியும் வரை தள்ள வேண்டும். இரண்டும் மறைந்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டது, முனை சாக்கெட்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் வளைக்கவும் இடமிருக்காது. இரண்டுமே வெளியே தெரிந்தால் ரிங்கைத் தாண்டியே போயிருக்காது. சின்ன பைப்புக்கு சாக்கெட் முகத்தில் மரக்கட்டை வைத்துக் கடப்பாரையால் நெம்பினால் போதும், பெரியதுக்குச் செயின் பிளாக் அல்லது டிர்ஃபர் எனும் கையால் இயக்கும் கம்பிக்கயிற்று இழுவை. ஜேசிபி பக்கெட்டால் தள்ளுவதும் நடக்கிறது. அப்படித் தள்ளினால் நடுவில் கட்டாயம் மரக்கட்டை வேண்டும், ஆபரேட்டர் மிக மெதுவாகத் தள்ள வேண்டும், ஒரு ஆள் கோட்டின் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். பக்கெட்டை இயக்குகிறவருக்கு ரிங் உருண்டது தெரியவே தெரியாது.

தள்ளி முடித்ததும் மெல்லிய தகடு அளவுகோலை சாக்கெட்டுக்கும் ஸ்பிகாட்டுக்கும் இடையே விட்டுச் சுற்றிலும் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் ரிங்கைத் தொட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ஆழமாகப் போனால் ரிங் அங்கே விலகியிருக்கிறது, பைப்பை வெளியே இழுத்து, புது ரிங் போட்டு மறுபடி செய்யுங்கள். ஒரு நிமிட வேலை இது. நான் பார்த்த சைட்டுகளில் இதைச் செய்கிற குழுவின் லைன் ஒரே பிரஷர் டெஸ்டில் தேறிவிடும்.

வளைவு வேண்டுமென்றால் முதலில் நேராகத் தள்ளிவிட்டு அப்புறம்தான் பைப்பைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஒரு டிகிரிக்கு ஐந்தரை மீட்டர் பைப்பின் மறுமுனை சுமார் 9.5 செ.மீ. நகரும். எத்தனை டிகிரி வரை போகலாம் என்பது விட்டத்துக்கும் ஜாயிண்ட் வகைக்கும் ஏற்ப மாறும், கம்பெனி அட்டவணையைப் பாருங்கள். அந்த அளவின் விளிம்பு வரை போகாமல் இரண்டு மூன்று ஜாயிண்டுகளில் பிரித்து வளைப்பது நல்லது.

வெட்டும்போது

டிஸ்க் கட்டர் போதும், கேஸ் வைத்து வெட்டக் கூடாது. வெட்டிய முனை கத்தி போலக் கூராக இருக்கும், அப்படியே தள்ளினால் ரிங்கை அறுத்துவிடும். கம்பெனி முனை எப்படிச் சரிவாகத் தேய்ந்திருக்கிறதோ அதே சரிவுக்கு கிரைண்டரில் தேய்த்து, பக்கத்துப் பைப்பைப் பார்த்து இரண்டு கோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தின் சுற்றளவை டேப்பால் அளக்க வேண்டும். 200 மி.மீ. பைப்பின் வெளிவிட்டம் 222 மி.மீ., ஆகவே சுற்றளவு 697 மி.மீ. அளவில் வரும். பைப்பின் நடுப்பகுதி சில நேரம் இதைவிடப் பருத்திருக்கும். அங்கே வெட்டினால் சாக்கெட்டுக்குள் நுழையாது. சுற்றளவு சரியாக இருந்தும் முட்டை வடிவில் நசுங்கியிருந்தால் நுழைவது கஷ்டம், குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்டுக்குப் பின்னால் கான்கிரீட்

சொருகும் ஜாயிண்ட் தண்ணீரைத் தடுக்கும், இழுப்பைத் தடுக்காது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விபத்து தவிர்ந்துவிடும். 300 மி.மீ. லைனில் சதுர செ.மீ.க்கு 10 கிலோ பிரஷர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 32.6 செ.மீ., பரப்பு சுமார் 835 சதுர செ.மீ. ஆகவே லைனின் கடைசி மூடியை 8 டன்னுக்கு மேல் எடை வெளியே தள்ளுகிறது. அதே லைனில் 90 டிகிரி பெண்ட் என்றால் கிட்டத்தட்ட 12 டன், 45 டிகிரி என்றால் ஆறரை டன்னுக்குப் பக்கம். டெஸ்டில் 15 கிலோ ஏற்றும்போது 90 டிகிரி பெண்டின் 12 டன் 18 ஆகிவிடும். பெண்டுக்குப் பின்னால் உள்ள மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால், கான்கிரீட் கட்டையின் முதுகு 1.8 சதுர மீட்டராவது மண்ணில் சாய்ந்திருக்க வேண்டும்.

அந்த முதுகு தோண்டாத பழைய மண்ணில் சாய வேண்டும் என்பது முக்கியம். பள்ளத்தை அகலமாகத் தோண்டிவிட்டு, இடைவெளியில் மண்ணைத் தள்ளி, அதன் முன்னால் கான்கிரீட் போட்டால் எத்தனை மூட்டை சிமென்ட் போட்டாலும் பெண்ட் நகர்ந்துதான் போகும். போல்ட்டுகளும் ஜாயிண்ட் வாயும் கான்கிரீட்டுக்குள் புதையக் கூடாது, நடுவில் பாலித்தீன் தாள் வையுங்கள். பிரஷர் மேல்நோக்கித் தள்ளும் பெண்ட் என்றால் பக்கத்து மண் உதவாது, கட்டையின் எடைதான் பிடிக்க வேண்டும், பட்டை போட்டுக் கட்ட வேண்டும். டீ, ரெடியூசர், மூடிய முனை, வால்வு, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு உண்டு. கான்கிரீட்டை 7 நாளாவது நனைத்துவிட்டு அப்புறம் டெஸ்ட் போடுங்கள்.

மண் போடுவது, மழை வந்தால்

பைப்பின் இரண்டு பக்கமும் கல் இல்லாத மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டுக் குத்திக்கொண்டு வாருங்கள், முதுகுக்கு மேல் 30 செ.மீ. வரை கையால்தான். அதற்கு மேல்தான் இயந்திரம். டெஸ்ட் முடியும் வரை ஜாயிண்டுகளைத் திறந்தே வைக்க வேண்டும், ஆனால் நடுப்பகுதியில் மண் ஏறியிருக்க வேண்டும். காரணம் மழை. 300 மி.மீ. கே9 பைப் மீட்டருக்கு 60 கிலோ அளவு எடை, அது ஒதுக்கும் தண்ணீரோ 83 கிலோ. காலியாக இருந்து இரண்டு முனையும் அடைத்திருந்தால் இரும்புக் குழாய் பள்ளத்தில் மிதக்கும், ஜாயிண்டுகள் எல்லாம் பிடுங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்கிறவர்கள் அன்றைக்கு வைத்த பைப்பின் நடுவில் அன்றைக்கே மண் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் வேலை நிறுத்தும்போது திறந்த முனையை மூடி போட்டு அடைப்பதும் கட்டாயம், நாயும் பாம்பும் உள்ளே போன லைன்கள் உண்டு.

டெஸ்ட்

ஒரு நேரத்தில் 500 மீட்டர் அளவு நீளம் எடுத்துக்கொள்வது வழக்கம். மேட்டிலுள்ள ஏர் வால்வுகளைத் திறந்துவிட்டு, தாழ்வான முனையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். விட்டம் எதுவானாலும் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 30 செ.மீ.க்குள் வேகம் இருக்கும், காற்று வெளியேற நேரம் கிடைக்கும். நிரப்பியதும் ஒரு நாள் அப்படியே விடுங்கள், உள்பூச்சு தண்ணீர் குடிக்கும். இதைச் செய்யாமல் உடனே பம்ப் போட்டால் பிரஷர் இறங்கிக்கொண்டே இருக்கும், எங்கே கசிகிறது என்று தேடி நாள் வீணாகும்.

டெஸ்ட் பிரஷர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். நிறைய ஒப்பந்தங்களில் கசிவுக்கான எல்லை, விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும், ஒரு கி.மீ.க்கு, ஒரு நாளைக்கு, 30 மீட்டர் அழுத்த உயரத்துக்கு 0.1 லிட்டர் என்று இருக்கும். 200 மி.மீ. லைன், 1 கி.மீ., 60 மீட்டர் அழுத்த உயரம் என்றால் நாளைக்கு 40 லிட்டர். கண்ணுக்குத் தெரியும் கசிவு இருந்தால் கணக்குக்குள் வந்தாலும் விடக் கூடாது. பிரஷர் ஏறியிருக்கும்போது பெண்டுக்கோ மூடிக்கோ எதிரே யாரும் நிற்கக் கூடாது. காற்றை வைத்து டெஸ்ட் செய்யவே கூடாது, அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கும்.

டெஸ்ட் முடிந்ததும், தாழ்வான இடத்தில் லைனைக் காலி செய்ய வைத்திருக்கும் ஸ்கவர் வால்வைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு குளோரின் போட வேண்டும். 200 மி.மீ. லைனில் 1 கி.மீ.க்கு 31,400 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்றால் 785 கிராம் குளோரின், 25 சதவீத பிளீச்சிங் பவுடரில் 3 கிலோவுக்குச் சற்று மேல். பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள், 24 மணி நேரம் விட்டு, வெளியேற்றி, மறுபடி அலசுங்கள். அந்தத் தண்ணீரைக் குளத்தில் விட்டால் மீன் செத்துவிடும்.

ஓடுகிற லைனைப் பார்த்துக்கொள்வது

இனி டேங்க் ஆபரேட்டர்களுக்கு. வால்வை மெதுவாக மூடுங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் டிஐ லைனில் 110, 120 மீட்டர் உயரத்துக்குச் சமமான அடி விழும், அதாவது 11, 12 கிலோ கூடுதல் பிரஷர். எத்தனை சுற்றில் முழுதாக மூடுகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த தடவை சுற்று குறையும்போதே உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பயன்படுத்தாத வால்வையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் லைன் வெடித்த அன்று அது திரும்பாது. ஏர் வால்வு தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கவே விடாதீர்கள், லைன் காலியாகும்போது அந்த அழுக்குத் தண்ணீரைத்தான் வால்வு உள்ளே இழுக்கும்.

நம் ஊரில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடங்களில் வாரம் ஒருமுறை தண்ணீர். விடாத நேரத்தில் லைன் வெறுமையாகிறது, அப்போது சின்னக் கசிவு இருந்தாலும் அது வழியாகச் சாக்கடை உள்ளே வரும். வீட்டில் குழாயோடு நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம். தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் கலங்கலாக, வாடையோடு வருகிறது என்று ஒரு தெருவில் மட்டும் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, அந்தத் தெருவின் லைனைத் தேட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், திடீரென்று குறைந்தால் அதுவும் ஒரு துப்பு. இரவில் சத்தம் அடங்கியபின் ஒரு இரும்புக் கம்பியை வால்வு மேல் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டால், கசிவின் சீறல் தனியாகத் தெரியும்.

வீட்டு இணைப்புக்கு உளியால் பைப்பைக் கொத்தாதீர்கள். பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் சேடில் மாட்டி, கூரான பிட்டால் மெதுவாகத் துளையிட்டு, வீட்டுக் குழாயை இணைக்கும் ஃபெருல் போடுங்கள். கொத்தினால் உள்பூச்சு சுற்றிலும் பெயர்ந்துவிடும்.

ஜாயிண்டில் கசிவு என்றால் அதற்கென்று உள்ள கிளாம்ப் போதும். பைப்பே அடிபட்டிருந்தால் இரண்டு பக்க வால்வையும் மூடி, பைப்புக்குக் கீழே ஒரு அடியாவது குழி எடுத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிபட்ட பகுதியை வெட்டி எடுங்கள். பள்ளத்துத் தண்ணீர் பைப் மட்டத்துக்கு வந்த பிறகு வெட்டினால் அந்தச் சேறு முழுவதும் ஊர் குடிக்கும் லைனுக்குள் போகும். மாற்றுத் துண்டை இடைவெளியைவிட 1 முதல் 2 செ.மீ. குட்டையாக வெட்டுங்கள். இரண்டு எம்ஜே காலரையும் (போல்ட்டால் முடுக்கும் மெக்கானிக்கல் ஜாயிண்ட் இணைப்பு வளையம்) முதலில் பைப்பின் மேல் நகர்த்தி வைத்துவிட்டு, துண்டை உட்கார வைத்து, சந்திப்பு காலரின் நடுவில் வரும்படி சாக்பீஸில் குறித்துக்கொண்டு இழுத்துப் பொருத்துங்கள். போல்ட்டை வரிசையாக முடுக்காமல் எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். துண்டையும் காலரையும் பொருத்துவதற்கு முன் உள்பக்கத்தைக் குளோரின் கரைசலால் துடைத்துவிடுங்கள். ஒரு வால்வை மட்டும் லேசாகத் திறந்து, கிட்டத்தில் உள்ள ஸ்கவர் வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டு, காற்று முழுக்கப் போனதும் மற்றதைத் திறங்கள்.

இதற்கெல்லாம் ஸ்டோரில் சாமான் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஓடும் ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு முழுப் பைப், இரண்டு எம்ஜே காலர், ஒரு ஜாயிண்ட் கிளாம்ப், நாலைந்து ரப்பர் ரிங், போல்ட் நட் ஒரு செட், இவ்வளவு போதும். பழைய ஊர்களில் வார்ப்பிரும்பு லைனும் ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) பைப்பும் இன்னும் ஓடுகின்றன, அவற்றின் வெளிவிட்டம் டிஐயோடு ஒத்துப்போகும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அடுத்த தடவை எதற்காகவாவது தோண்டும்போது சுற்றளவை டேப்பால் அளந்து, தெருவின் பெயரோடு நோட்டில் எழுதி வைத்து, அதற்கேற்ற காலரை இப்போதே வாங்கிப் போடுங்கள்.